பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டால்

விட்டு வந்த கம்பெனியே மறுபடியும் கூப்பிடுகிறது, போகலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த அழைப்பு வந்தபோது விவரம் தெரிந்த ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. "தெரிந்த இடம்தானே, போ" என்று வீட்டில் சொன்னார்கள். "போனவள் திரும்பப் போகக் கூடாது" என்று ஓர் உறவினர் சொன்னார். இரண்டுமே எனக்கு உதவவில்லை. போகலாமா என்பதைவிட எந்தத் தேதியிலிருந்து உன் பணிக்காலம் எண்ணப்படும், அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பெரும் பணம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீடு வாலாஜாபேட்டையில். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணி ஏற்றுமதித் தொழிற்சாலையில் 2019 ஜூலையில் காஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். வெளிநாட்டு பையர் ஒரு மாடல் அனுப்பினால், ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் பிடிக்கும், லைனிங் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று கணக்குப் போட்டு விலை சொல்வது என் வேலை. தோலின் கிரேடு ஒரு படி இறங்கினால் வேஸ்டேஜ் ஏறும். அதைக் குறைத்துப் போட்டுவிட்டால் மொத்த ஆர்டரும் நஷ்டத்தில் ஓடும். பிடித்துத்தான் செய்தேன். பிடிக்காதவை வேறு. சாம்பிள் சீசனில் இரவு ஒன்பது, பத்து மணி வரை உட்கார வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, மெர்ச்சண்டைசிங் தலைமையில் இருந்தவர் பத்துப் பேர் நடுவில் குரல் உயர்த்துவார். மாதம் 26,000 ரூபாய் சம்பளம். அதில் அடிப்படைச் சம்பளம் 18,000.

2024 மே மாதம் சென்னை கிண்டியில் ஒரு பையிங் ஹவுஸில், அதாவது வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே கொள்முதல் பார்க்கும் கம்பெனியில், 34,000 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. உடனே சேரச் சொன்னார்கள். பழைய இடத்தில் நோட்டீஸ் காலத்துக்காக ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றிக் கேட்டேன். "ஐந்து வருடம் நிறையவில்லை அம்மா, ஒன்றும் வராது" என்று கணக்குப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். ஐந்து ஆண்டு நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் இந்தப் பதிலை நம்பிப் பணத்தை விட்டவர்கள் ஏராளம். அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்து ஆண்டு தொடர் பணி என்றுதான் சொல்கிறது. ஆனால் ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஓர் ஆண்டுத் தொடர் பணியாகும் என்று அதே சட்டம் இன்னோர் இடத்தில் சொல்கிறது. அதை வைத்துத்தான் நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கும் எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும். எனக்கு ஐந்து ஆண்டுக்கு 51,923 ரூபாய். அதைத்தான் "ஒன்றும் வராது" என்று சொன்னார்கள். நாள் நெருக்கத்தில் இருப்பவர்கள் கணக்குப் பிரிவின் வாய்மொழியை எடுத்துக்கொள்ளாமல், வருகைப் பதிவை எடுத்து வைத்து எழுத்தில் கேளுங்கள்.

சென்னை வேலை நல்ல வேலை. யாரும் குரல் உயர்த்தவில்லை, ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். என்னை அடித்துப்போட்டது பயணம். விடியற்காலையில் எழுந்து சமையலை முடித்து, வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு ஓடி, சீசன் டிக்கெட் கூட்டத்தில் அரக்கோணம் வரை நின்றுகொண்டு போய், சென்ட்ரலில் மெட்ரோ பிடித்துக் கிண்டி. திரும்பி வீடு வந்து சேர இரவு ஒன்பதாகும். வண்டி வழியில் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. சீசன் டிக்கெட், மெட்ரோ, வெளிச் சாப்பாடு, அவசரத்துக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் ஐயாயிரத்தைத் தாண்டியது. எட்டாயிரம் அதிகம் என்று போன சம்பளத்தில் மிஞ்சியது மூவாயிரம்கூட இல்லை. மாமியார் பையனைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுவே எனக்குக் கூடுதல் பாரமாக இருந்தது.

அந்தக் களைப்பில் இருந்தபோதுதான் 2025 ஜனவரியில் பழைய மேனேஜர் போன் செய்தார். நாங்கள் எல்லாரும் மரியாதையாக பாய் என்று அழைக்கும் மனிதர். நல்லவர், இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "நீங்கள் போன பிறகு காஸ்டிங்கில் ஒரு விலைகூடச் சரியாக வரவில்லை அம்மா. திரும்பி வாருங்கள். இது உங்கள் தாய்வீடு மாதிரி. பழைய சர்வீஸ் அப்படியே தொடரும், 32,000 கொடுக்கிறோம், ஆறு மாதத்தில் 35,000 ஆக்கிவிடுகிறேன்" என்றார். அந்தப் போனை வைத்தபோது எனக்கு வந்தது நிம்மதி என்று மட்டும் சொன்னால் பொய். கொஞ்சம் கர்வமும் இருந்தது. நம்மைத் தேடுகிறார்கள் என்ற எண்ணம் யாரையும் மயக்கும். தாய்வீட்டில் நம்மை வைத்துக்கொள்ள அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் கேட்பதில்லை. சம்பளம் தரும் இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மார்ச் மாதம் சேர்ந்தேன். முதல் நாளே கையில் கொடுத்த ஆர்டரில் பணியில் சேர்ந்த தேதி 2025 மார்ச் என்றுதான் இருந்தது. பழைய சர்வீஸ் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று வேறு போட்டிருந்தார்கள். எனக்கு! அந்தப் பிரிவின் கணக்குத் தாளையே வடிவமைத்தவளுக்கு! பாயிடம் காட்டினேன். "அது வழக்கமான படிவம் அம்மா, நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சம்பளப் பிரிப்பும் மாறியிருந்தது. மொத்தம் 32,000, ஆனால் அடிப்படைச் சம்பளம் 15,000, மீதி எல்லாம் பலவகைப் படிகள். முன்பு 26,000 வாங்கியபோது 18,000 இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பது, பணிக்கொடை, விடுப்புக்குப் பணம் எல்லாமே அப்போது இந்தக் கீழ்த் தொகையை ஒட்டித்தான் கணக்காயின. மாதக் கையிருப்பு கூடுகிறது, பின்னால் வரவேண்டியது கரைகிறது. திரும்பிப் போகிறவர்கள் மொத்தச் சம்பளத்தை மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். பழைய சம்பளச் சீட்டையும் புதிய பிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வைப்பு நிதியில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. நான் 2024 மே மாதமே வெளியேறினேன். ஆனால் பழைய கம்பெனி என் விலகல் தேதியை ஜூன் 30 என்று ஏற்றியிருந்தது. சென்னைக் கம்பெனியிலோ நான் ஜூன் 10ஆம் தேதி சேர்ந்தவள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்ததாகப் பதிவு! பழைய பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்ற விண்ணப்பித்தபோது அது திரும்பி வந்தது. வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்ணான யூ.ஏ.என். ஒன்றே என்றாலும், திரும்பிச் சேரும்போது அதே கம்பெனியில் புதிய உறுப்பினர் எண் கொடுப்பார்கள், பழைய எண் தானாக அதோடு ஒட்டிக்கொள்ளாது. தேதியைத் திருத்தக் கம்பெனியும் நானும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக அரை நாள் சம்பளத்தை விட்டு வேலூருக்குப் போய் வைப்பு நிதி அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் விளக்கினார், நான்தான் பொறுமை இழந்திருந்தேன். வேலையை விட்ட இரண்டு மாதம் கழித்து வலைத்தளத்தில் உங்கள் விலகல் தேதியை ஒருமுறை பாருங்கள். அது ஏறாமலே கிடந்தால் நீங்களே பதிய வழி இருக்கிறது, தவறாக ஏறியிருந்தால் சூடு ஆறுவதற்குள் திருத்தச் சொல்லுங்கள். பணத்தை எடுத்துவிடலாம் என்ற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு பணி வேண்டும், இடையில் எடுத்தால் அந்த எண்ணிக்கை போய்விடும். ஐந்தாண்டுக்குள் எடுத்தால் வருமான வரியும் வரும்.

அலுவலகத்துக்குள் இருந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் வேலையை விட்டுப் போனபோது எனக்குக் கீழே இருந்த பெண், நான் கற்றுக்கொடுத்த பெண், இப்போது எனக்கு மேலே. அவள் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு காஸ்டிங் தாளையும் அவளிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும்போது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவளுக்கும் அது சங்கடம்தான். என் சம்பளம் தன் சம்பளத்தைவிட அதிகம் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டில் பேச்சு குறைந்தது. விட்டுப் போகாமல் அங்கேயே உழைத்தவர்களைவிடப் போய் வந்தவளுக்கு அதிகம் கொடுத்தால் அவர்களுக்கு எரியாதா? எரியும், அதில் நியாயமும் இருக்கிறது. இதை முன்கூட்டி நினைத்துக்கொண்டு போனால் வலி குறையும்.

நான் எதற்காக வெளியேறினேனோ அவையும் மாறவில்லை. அதே சாம்பிள் சீசன், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே குரல். பாய் இருந்தவரை அந்தக் குரல் என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார். ஜூன் மாதம் அவர் ஆம்பூரில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். முப்பத்தைந்தாயிரம் பற்றிப் புதிதாக வந்தவரிடம் சொன்னேன். "அப்படி ஏதும் கோப்பில் இல்லையே" என்று நிஜமாகவே வியப்போடு கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. கோப்பில் இல்லைதான்.

பிறகு ஆகஸ்ட். அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள்மீது முதலில் 25 சதவீதம் வரி போட்டது, 2025 ஆகஸ்ட் 27 முதல் அது 50 சதவீதமானது. எங்கள் ஆர்டரில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு என்றாலும் ஓர் அமெரிக்க பையரும் இருந்தார். ஏற்கனவே பேசி முடித்த விலையைக் குறைக்கச் சொன்னார், அப்புறம் ஆர்டரையே நிறுத்திவைத்தார். அந்த வாரங்களில் நான் போட்ட காஸ்டிங் எல்லாம் ஒரு ஜோடிக்கு எங்கே சில ரூபாய் பிடுங்கலாம் என்பதுதான். ஒரு லைனை மூடினார்கள், பிறகு அலுவலகத்தில் ஆள் குறைப்பு. எங்கள் பிரிவில் ஒருவர் போக வேண்டும். பதிவேட்டில் கடைசியாகச் சேர்ந்தவர் யார்? நான்தான். ஏறக்குறைய ஐந்து ஆண்டு அங்கேயே உழைத்தவள், பதிவேட்டின்படி மிகப் புதியவள்.

கடைசியில் வந்தவரை முதலில் அனுப்புவது என்பது கம்பெனிகள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. அப்போதைய தொழிற்தகராறுச் சட்டத்திலேயே ஆள் குறைப்புக்கு அப்படித்தான் வரிசை. ஓர் ஆண்டுத் தொடர் பணி இருந்தால் ஒரு மாத முன்னறிவிப்பும் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடும் உண்டு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது ஓர் ஆண்டுதான். எனக்கு மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரைதான். இழப்பீடு கிடையாது. பழைய சர்வீஸ் தொடர்கிறது என்று ஒரே ஒரு வரி ஆர்டரில் இருந்திருந்தால் வரிசையில் என் இடமே வேறு. இழப்பீட்டுக் கணக்கும் வேறு.

இதே தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் ஓர் அண்ணன் இருக்கிறார். அவரும் போய் வந்தவர்தான். திரும்ப அழைத்தபோது, இடையில் இருந்த இரண்டு மாதத்தையும் சம்பளமில்லா விடுப்பாக எழுதி, ராஜினாமாவைத் திரும்பப் பெற்றதாகக் கடிதம் கொடுத்தால்தான் வருவேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பணிக்கொடையையும் அவர் வாங்கியிருக்கவில்லை. கேட்ட கடிதத்தைக் கொடுத்தார்கள். ஆள் குறைப்புப் பட்டியலில் அவர் பெயர் வரவே இல்லை. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், நான் எம்.காம். இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அவருக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்காது. இடைவெளி சிறியதாக இருக்க வேண்டும், பழைய கணக்கு முடித்துப் பணம் பட்டுவாடா ஆகியிருக்கக் கூடாது, அவர்களுக்கு உங்கள் கை உடனே தேவைப்பட வேண்டும். பேரம் பேசும் பலம் சேருவதற்கு முந்தைய நாள் வரைதான். சேர்ந்த மறுநாள் நீங்களும் ஓர் ஊழியர்.

தையல், லாஸ்டிங் லைனில் வேலை செய்யும் அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. இடையில் சும்மா இருந்துவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தால் நோய்க்கால உதவித்தொகைக்குத் தேவையான சந்தா நாள்கள் குறைந்துபோகும். ஒரு பருவத்தில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையோ அக்டோபர் முதல் மார்ச் வரையோ, 78 நாள் சந்தா வேண்டும். வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் வேலை மாறும் தேதியை இதையும் பார்த்து வையுங்கள். திரும்பச் சேர்ந்தால் சம்பளம் 21,000ஐத் தாண்டுமா என்றும் பாருங்கள், தாண்டினால் அந்த மருத்துவ வசதி போய்விடும். நிரந்தர வேலைக்குப் பதிலாகக் குறித்த கால ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிடுவதும் இப்போது நடக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அப்படிப்பட்டவர்களுக்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உண்டு. கேட்டால்தான் தருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை போன பிறகு இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். ராணிப்பேட்டை முத்துக்கடைப் பகுதியில் தெரிந்தவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். "மறுபடியும் விட்டுவிட்டாயா?" என்ற கேள்விக்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. கணவர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் கேட்டது. சென்னைக் கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். என் இடத்தில் ஆள் வந்துவிட்டார். நோட்டீஸ் பணம் 26,000, சென்னையில் ஏப்ரலில் வந்திருக்க வேண்டிய ஊதிய உயர்வு, இரண்டு மாதச் சம்பளம் எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இந்தக் கணக்கை ஓர் இரவு காஸ்டிங் தாள் போலவே போட்டுப் பார்த்தேன். வேஸ்டேஜ் என்ற கட்டம் மட்டும் பெரிதாக இருந்தது.

அந்த இரண்டு மாதத்தில்தான் பணிக்கொடை பற்றிப் படித்தேன். முதல் தடவை உழைத்த காலத்துக்கான தொகையைக் கேட்டுக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி, ஆனால் தாமதமானது என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது. ஐந்தாண்டு நிறையவில்லை என்று பதில் வந்தது. 240 நாள் விதியையும் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் குறிப்பிட்டு, சம்பளச் சீட்டுகளின் நகலோடு வேலூரில் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன். இதற்கு வக்கீல் கட்டாயம் இல்லை. நானே எழுதினேன். விசாரணைக்கு நாள் குறித்ததும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. 51,923 ரூபாயைக் கொடுத்துவிட்டார்கள். தாமதத்துக்குப் பத்து சதவீத வட்டியும் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது தவணை கட்டப் பணம் வேண்டும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது வீட்டிலிருந்தே இரண்டு சிறிய யூனிட்டுகளுக்குக் காஸ்டிங் போட்டுக் கொடுக்கிறேன். வருமானம் ஏற்ற இறக்கம்தான். சென்ற மாதம் ஆம்பூரிலிருந்து பாய் பேசினார். தன் புதிய கம்பெனிக்கு வரச் சொன்னார், கம்பெனி பஸ் வாலாஜா டோல்கேட் வரை வருமாம். சேரும் தேதி, தகுதிகாண் காலம், அடிப்படைச் சம்பளம், ஞாயிறு வேலைக்கு மாற்று விடுப்பு ஆகியவற்றை மெயிலில் எழுதி அனுப்புங்கள் பாய், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சரி அம்மா, எச்.ஆரை அனுப்பச் சொல்கிறேன்" என்றார். நேற்று வந்தது. அடிப்படைச் சம்பளம் பாதிக்கு மேல் இருக்கிறது, தகுதிகாண் காலம் மூன்று மாதம், ஞாயிறு பற்றி எதுவும் இல்லை. அந்த ஒன்றைக் கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறேன்.